தன் குரலில் பிறர் நிலம்: எல்லிங்டன், ஸ்ட்ரேஹார்ன் படைத்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’

ஜாஸ் இசையின் நூற்றாண்டு வரலாற்றில் பிக் பேண்ட் இசைத்தட்டுகள் ஏராளம். அவற்றுள் குழுத் தலைவர் ட்யூக் எல்லிங்டனும் அவர் குழுவுக்கு இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து படைத்த ‘தி ஃபார் ஈஸ்ட் சூட்’ தனி மதிப்புக்கு உரியது. பிறர் நாட்டு இசையைக் கேட்டுவந்த கலைஞன் அதை என்ன செய்ய வேண்டும் என்ற பழைய கேள்விக்கு, என் அறிவுக்கு எட்டியவரை, இதைவிட நேர்மையான விடை ஜாஸில் இல்லை.

1963 செப்டம்பரில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் எல்லிங்டன் குழு டமாஸ்கஸில் தன் பயணத்தைத் தொடங்கியது. அம்மான், காபூல், புதுதில்லி, சென்னை, பம்பாய், இலங்கை, டெஹ்ரான், பாக்தாத் என்று அந்தப் பயணம் நீண்டது. அது பனிப்போர்க் காலம். சொந்த நாட்டில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய அதே ஆண்டில், ஒரு கறுப்பினக் கலைஞர் அந்நாட்டின் பண்பாட்டுத் தூதராக உலகின் முன் நின்றார். நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் பயணம் பாதியிலேயே கைவிடப்பட்டது.

ஊர் திரும்பியவுடன் அவர்கள் இசைத்தட்டுப் போட ஓடவில்லை. கேட்டதை அப்படியே படியெடுக்க எல்லிங்டனுக்கு விருப்பமில்லை. உள்ளே ஊறித் தானாக வெளிவரட்டும் என்று காத்திருந்தார். 1964இல் நான்கு பகுதிகள் இங்கிலாந்து மேடைகளில் ஒலித்தன. அதே ஆண்டு நிகழ்ந்த ஜப்பான் பயணம், பதினொரு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘ஆட் லிப் ஆன் நிப்பான்’ என்ற இறுதிப் பகுதிக்கு வித்திட்டது. 1966 டிசம்பர் 19 முதல் 21 வரை நியூயார்க்கில், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக ஒன்பது பகுதிகளும் பதிவாயின.

பதிவில் வாசித்தவர்கள் பதினைந்து பேர்: நான்கு டிரம்பெட், மூன்று டிராம்போன், ஐந்து சாக்ஸஃபோன் – கிளாரினெட் கலைஞர்கள், பியானோ, பாஸ், டிரம்ஸ். இந்த எண்ணிக்கை எந்த பிக் பேண்டுக்கும் பொதுவானதுதான். எல்லிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் இவர்களுக்கு எழுதிய முறைதான் வேறு. குழுவுக்கு இசையைப் பிரித்து எழுதும் அரேஞ்சர்களில் பெரும்பாலோர் ‘முதல் ஆல்டோ’, ‘இரண்டாம் டிரம்பெட்’ என்று வாத்தியத்துக்கு எழுதுவார்கள். இவ்விருவரோ ஆளுக்கு எழுதினார்கள். பாரிடோன் சாக்ஸஃபோன் வாசித்த ஹாரி கார்னி 1927 முதலே குழுவில் இருந்தவர். ஒருவரின் மூச்சும் இழுப்பும் தயக்கமும் அத்தனை ஆண்டுகள் காதில் தங்கியிருந்தால், தாளில் எழுதும்போதே அவர் குரல் கேட்டுவிடும். தாஜ்மஹாலை நினைத்து எழுதிய ‘ஆக்ரா’வில் முழுப் பாரத்தையும் கார்னியின் கனத்த ஒலியே சுமக்கிறது.

‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ உருவான விதம் இனியது. தில்லியில் ஸ்ட்ரேஹார்ன் தங்கிய அறையருகே ஒரு மைனா பாடிக்கொண்டே இருந்ததாம். அந்தப் பறவையின் சிறு சொற்கட்டு ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டுக்கு வந்தது. கிளாரினெட் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல, அடியில் குழுவின் ஒத்திசை நகர்ந்து நிறம் மாறுகிறது. ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் கேட்கிறது. அரேஞ்சரின் கலை எது என்று கேட்பவருக்கு இந்த ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினால் போதும்.

எல்லோரும் கொண்டாடும் பகுதி ‘இஸ்ஃபஹான்’. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸஃபோன் மேலிருந்து மெல்லச் சறுக்கி இறங்குகிறது. ஓரிடத்தில் குழு முழுவதும் ஒதுங்கி, அவரைத் தனியே விட்டு, பிறகு மெத்தென்று தாங்கிக்கொள்கிறது. பாரசீக நகரத்தின் பெயர் தாங்கிய இந்த மெட்டை ஸ்ட்ரேஹார்ன் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்னரே ‘எல்ஃப்’ என்ற பெயரில் எழுதிவிட்டார். ஹாட்ஜஸின் சறுக்கலும் ஈரானில் கற்றதன்று. இளமையில் ஜாஸ் முன்னோடி சிட்னி பெஷேயிடம் பெற்றது. இதைச் சொல்லிச் சிலர் குறை காண்பதுண்டு. எனக்கோ இதுவே இந்த இசையின் மெய்மையாகப் படுகிறது. அந்த நகரின் அழகைக் கண்டபோது, தம்மிடம் ஏற்கெனவே இருந்தவற்றுள் ஆகச் சிறந்ததை அதற்குக் காணிக்கையாக்கினார்கள்.

தொழுகை அழைப்பை நினைவூட்டும் ‘அமாத்’ பகுதியிலும் இதே நெறிதான். லாரன்ஸ் பிரவுனின் டிராம்போன் அழைக்கிறது. ஆனால் அது ஹார்லெமில் முதிர்ந்த டிராம்போனாகவே இருந்து அழைக்கிறது. சிதாரோ தபலாவோ எந்தப் பகுதியிலும் இல்லை. மேலை இசைக்கலைஞர்கள் சிதாரைத் தேடி அலைந்த அறுபதுகளில் இந்தக் கட்டுப்பாடு எளிதானதன்று.

1967 மே 31 அன்று, 51ஆம் வயதில், ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயால் மறைந்தார். அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எல்லிங்டனின் பெயருக்குப் பின்னால் நின்று எழுதியவர் அவர். இந்தத் தட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வது நம் கடமை.

இசைக் கலப்பு பெருகிவிட்ட இன்று, ஒரு வாத்தியத்தையோ ஒரு ராகத்தின் சாயலையோ எடுத்து ஒட்டிக்கொள்வது எவருக்கும் கைகூடும். பிறர் மண்ணை உண்மையில் மதிப்பவன் முதலில் கேட்கிறான், பொறுக்கிறான், பின் தன் சொந்த மொழியில் முழுமூச்சாகப் பதில் சொல்கிறான். இந்த ஒழுக்கத்தை இளம் இசையமைப்பாளர்கள் ‘ஃபார் ஈஸ்ட் சூட்’டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.