சாதியும் சபையும்: சத்தியமங்கலம் மறைப்பணித்தளமும் அருந்ததியர் கிறித்தவரும்

முன்னுரை

பவானி ஆற்றங்கரையில், மைசூருக்கு ஏறும் மலைவழியின் அடிவாரத்தில் அமைந்த சத்தியமங்கலம், 17ஆம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித்தளத்துச் சேசு சபைத் துறவியர் தங்கிப் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று. அத்துறவியர் சாதியை எதிர்கொண்ட முறைக்கும் கொங்குநாட்டுத் தலித் கிறித்தவரின் இன்றைய நிலைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைத் துறவியர்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசிக் கோலம் பூண்டு உயர்சாதியினரிடையே பணியாற்றினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்களே என்னும் அவர் நிலைப்பாட்டை ஏற்று, திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623இல் அவற்றுக்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். அதே ஆணையில், எளியோரை இகழ்ந்து வழிபாட்டில் அவர்களிடமிருந்து விலகி நிற்கலாகாது எனவும் உயர்குடியினரை வேண்டிக்கொண்டார். இசைவு நடைமுறையாயிற்று, வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது.

சந்நியாசிக் கோலத்தினர் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலாமையால், 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமிக் கோலத்தை மேற்கொண்டார். பண்டாரசாமிகளால் திருமறை பல சாதியினரையும் எட்டியது. எனினும், சாதிக்கேற்ற குரு என்னும் ஏற்பாடு, சாதிப்படிநிலையைத் திருச்சபைக்குள்ளும் நிலைபெறச் செய்தது.

ஒன்றிப்பும் பிளவும்

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபை மரபுகளை ஒன்றிணைத்தது. மேலைநாட்டுச் சபைப் பிரிவுகள் நீங்கிய அளவிற்குச் சாதிப் பிரிவுகள் நீங்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையும் திருச்சபைக்குள் சாதிப்பாகுபாடு தொடர்வதை ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் வாயில்

1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சூசை வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையுடன் புதிய சமயச் சூழலிலும் நீடிப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது.

கொங்குநாட்டில் இதன் விளைவை அருந்ததியரிடம் காணலாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டினுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வழங்கப்பட்டது. கிறித்தவராகும் அருந்ததியர் இவ்விரண்டையும் இழந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுகிறார். சேரியில் அவர் வாழும் இடமும் பிறர் அவரை நடத்தும் விதமும் திருமுழுக்கால் மாறுவதில்லை. சான்றிதழ் மட்டும் மாறுகிறது.

முடிவுரை

தலித் கிறித்தவர் அரசிடம் நீதி பெறத் தம் சபையின் குறையையே சான்றாகக் காட்ட வேண்டியுள்ளது. சபை சமத்துவம் நிலவுவதாகக் கூறினால் அவர்தம் வழக்கு வலுவிழக்கிறது. பாகுபாட்டை ஒப்புக்கொண்டால் அதன் போதனை கேள்விக்குள்ளாகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் மறைபரப்பும் உத்தியாகக் கொள்ளப்பட்ட சாதி இசைவே இம்முரணுக்கு வித்திட்டது. ஆகவே, சாதிப்பாகுபாட்டை ஒப்புக்கொள்வதோடு அமையாது, குருத்துவத்திலும் கல்வி நிறுவனப் பணிகளிலும் கல்லறையிலும் அதனைக் களைவதே திருச்சபை தன் மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.