நடுவயதுப் பெண்களின் உடலுழைப்பு: உணரிகள் எதை அளக்கின்றன, எதைத் தவறவிடுகின்றன?

புது தில்லி: இந்தியாவில் 57 சதவீதப் பெண்களுக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்று, 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024 ஜூன் மாதம் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆண்களில் இந்த விகிதம் 42 சதவீதம். மறுபுறம், மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்களே செலவிடுகின்றனர்.

ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலர் 'போதிய இயக்கம் இல்லாதவர்' பட்டியலில் இடம்பெறுவது எவ்வாறு? வீட்டு வேலையின் பெரும்பகுதி மிதமான தீவிரத்தை எட்டுவதில்லை என்பது ஒரு காரணம். உடலுழைப்பு எவ்வாறு அளவிடப்படுகிறது என்பது மற்றொன்று.

நடுவயது ஏன் முக்கியம்?

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 முதல் 47 வரை எனப் பல ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. அப்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது. இதய நோய்க்கான வாய்ப்பும் உயர்கிறது. இப்பருவத்தில் உடலுழைப்பு தரும் பாதுகாப்பு பெரிது என்பதால், அதைச் சரியாக அளவிடுவதும் அவசியமாகிறது.

வினாத்தாளின் குறை

நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடுகள் பெரும்பாலும் வினாத்தாள் பதில்களையே சார்ந்துள்ளன. பரவலாகப் பயன்படும் உலக சுகாதார அமைப்பின் வினாத்தாள், தொடர்ச்சியாக 10 நிமிடமாவது நீடித்த செயல்களையே கேட்டுவந்தது. மாடிப்படி ஏறுதல், தண்ணீர் தூக்குதல், விரைந்து நடந்து கடைக்குச் சென்று வருதல் எனத் துண்டு துண்டாக நிகழும் உழைப்பு இதில் விடுபடுகிறது. சிறு அளவிலான இயக்கமும் பயனளிக்கும் என்பதால், 2020-இல் வெளியான அந்த அமைப்பின் வழிகாட்டுதலில் 10 நிமிட நிபந்தனை கைவிடப்பட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு தேவை என்பதே தற்போதைய பரிந்துரை.

கேட்கப்படும் கேள்வியே விடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் 'ஸ்வான்' ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்களைச் சேர்த்து 1996-இல் தொடங்கிய இந்த ஆய்வில், உடற்பயிற்சியுடன் வீட்டு வேலை, பராமரிப்புப் பணி ஆகியவை குறித்தும் தனியாகக் கேட்கப்பட்டது.

எனினும் நினைவிலிருந்து தரப்படும் பதில்கள் மிகைப்படவும் கூடும். அமெரிக்காவில் 2003–04-இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் உணரிகள் பயன்படுத்தப்பட்டபோது, பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டிய வயது வந்தோர் 5 சதவீதத்துக்கும் குறைவு எனத் தெரியவந்தது. வினாத்தாள் காட்டிய விகிதம் இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

உணரி செயல்படும் விதம்

இடுப்பு, மணிக்கட்டு அல்லது தொடையில் அணியப்படும் 'ஆக்சிலரோமீட்டர்' எனும் முடுக்கமானி, மூன்று திசைகளில் ஏற்படும் அசைவை நொடிக்குப் பல முறை பதிவு செய்கிறது. ஆய்வுகளில் வழக்கமாக ஏழு நாள்கள் அணியச் சொல்வர். குறைந்தது நான்கு நாள்களாவது, நாளுக்கு 10 மணி நேரம் அணிந்திருந்தால்தான் பதிவு ஏற்கப்படும்.

கருவி அளப்பது அசைவை மட்டுமே. உழைப்பின் கடுமையை அல்ல. அசைவு எண்ணிக்கை எந்த அளவைத் தாண்டினால் 'மிதமான உழைப்பு' என்பதை ஆய்வாளர்களே வரையறுக்கின்றனர். நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் நிமிடத்துக்கு 1,952 என்ற எல்லை, 1998-இல் 50 இளம் வயதினரை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்துக் கணக்கிடப்பட்டது. வயது ஏற ஏற உடல்திறன் குறைவதால், அதே வேகத்தில் நடக்கும் 50 வயதுப் பெண் கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. அவருக்கு மூச்சு வாங்கும் நடை, கருவியில் 'லேசான இயக்கம்' என்று மட்டுமே பதிவாகலாம்.

அணியும் இடமும் முடிவை மாற்றும். சப்பாத்தி தேய்ப்பதை மணிக்கட்டு உணரி பெரிய அசைவாகக் காட்டும்; இடுப்பு உணரி அதைப் பொருட்படுத்தாது. தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடந்தாலும் வெறுங்கையுடன் நடந்தாலும் இடுப்பு உணரிக்கு ஏறக்குறைய ஒன்றே. குந்தி அமர்ந்து துணி துவைப்பதைத் தொடை உணரி ஓய்வாகக் கருதக்கூடும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பிரிட்டனின் 'யுகே பயோபேங்க்' திட்டத்தில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரு வாரம் மணிக்கட்டு உணரி அணிந்தனர். இவர்களில் உடற்பயிற்சி செய்யாத நடுத்தர வயதினரையும் முதியோரையும் ஆராய்ந்த ஆய்வு 2024-இல் வெளியானது. அன்றாட வேலைகளுக்கிடையே சிறுசிறு துண்டுகளாக நாளுக்கு மொத்தம் 3.4 நிமிடம் தீவிர இயக்கம் பெற்ற பெண்களுக்கு, அத்தகைய இயக்கமே இல்லாதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பாதிப்புகளின் அபாயம் 45 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை.

நாளுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கும் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களின் இறப்பு விகிதம், 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

பயனர்கள் கவனிக்க வேண்டியவை

சமையலறையில் ஓரமாக வைக்கப்பட்ட கைப்பேசி, வீட்டுக்குள் நடக்கும் அடிகளை எண்ணாது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணைப் பிறருடன் ஒப்பிடுவதைவிட, ஒரே கருவியை ஒரே இடத்தில் அணிந்து தமது முந்தைய வாரங்களுடன் ஒப்பிடுவதே பொருத்தமானது. நடக்கும்போது பேச முடிந்து, பாட இயலாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு என்ற எளிய சோதனைக்குக் கருவியே தேவையில்லை. எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சிகளை அடி எண்ணிக்கை காட்டாது. வாரத்தில் இரு நாள்களாவது அவற்றைச் செய்ய வேண்டும் என்பதும் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையே.

வினாத்தாள் உழைப்பின் சூழலைச் சொல்கிறது. உணரி அசைவின் அளவைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே, வீட்டுக்குள் நிகழும் உழைப்பில் எவ்வளவு உடல்நலத்தைக் காக்கிறது, எவ்வளவு களைப்பை மட்டும் தருகிறது என்பது தெளிவாகும்.