ஒரு மாணவிக்காக ஓடிய ரயிலா? சிராத்தாகி நிலையங்களின் கதை

2016 ஜனவரியில் முகநூலில் ஒரு கதை ஓடித் திரிந்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஒரேயொரு பாடசாலை மாணவிக்காக ஒரு புகையிரத நிலையத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களாம். அவள் படிப்பை முடித்ததும் மூடிவிடுவார்களாம். சீன அரச தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் வந்த பதிவு அது. வாசித்தவர்கள் கண் கலங்கிப் பகிர்ந்தார்கள். உங்களிலும் கனபேர் பார்த்திருப்பீங்கள்.

கதையில் பாதிதான் சரி. பதிவு சொன்ன நிலையம் கமி-சிராத்தாகி. மாணவி ஏறியது கியூ-சிராத்தாகியில். அந்த ரயிலில் வேறு மாணவர்களும் போனார்கள். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடியும். ரயில் நேர அட்டவணை மாறுவதும் மார்ச்சில்தான். 2016 மார்ச் 26இல் கமி, கியூ, ஷிமோ எண்ட மூன்று சிராத்தாகி நிலையங்களும் ஒன்றாக மூடப்பட்டன. காரணம் எளிது: ஏறுவதற்கு ஆட்கள் இல்லை. கமி-சிராத்தாகியில் கடைசிக் காலத்தில் ஒரு திசைக்கு நாளுக்கு ஒரு ரயில்தான் நின்றது.

சரி, ஆளில்லாத இடத்தில ஏன் இத்தனை நிலையங்கள் கட்டினார்கள்?

ஹொக்கைடோ அய்னு மக்களின் நிலம். சிராத்தாகி இன்று சேர்ந்திருக்கும் எங்கரு நகரத்தின் பெயரே அய்னு மொழியில் இருந்து வந்தது. 1869இல் மெய்ஜி அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ எண்டு பெயர் வைத்து, தெற்கில் இருந்து மக்களைக் கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கியது. சிராத்தாகிக்கு 1912இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தைக் கூட்டிவந்தவர் மொரிஹேய் உவேஷிபா. பிற்காலத்தில் அய்கிடோ தற்காப்புக் கலையை உருவாக்கியவர் அவர்தான்.

ரயில் பாதை 1929இல் சிராத்தாகிக்கு வந்தது. 1932இல் மலையைக் கடந்து மற்றப் பக்கப் பாதையோடு இணைந்தது. கியூ-சிராத்தாகி 1947இல் ஒரு தற்காலிகத் தரிப்பிடமாகத்தான் தொடங்கியது. 1987இல் தேசிய ரயில்வே தனியார்மயமானபோதுதான் முறையான நிலையமானது. ஆனால் அதற்குள் ஊர்கள் வெறுமையாகத் தொடங்கிவிட்டன. 2001இல் இதே மலைப்பகுதியில் மூன்று நிலையங்களில் பயணிகள் சேவை நின்றது. அதற்காக உலகத்தில் ஒருத்தரும் அழவில்லை.

2016 மார்ச் 26இல் இதே பாதையில் இன்னொரு நிலையமும் பயணிகளுக்கு மூடப்பட்டது: கனேஹனா. அதற்குப் பக்கத்தில் 507 மீற்றர் நீளமான ஜோமொன் சுரங்கம் இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பலர், ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டு, தப்பி ஓட முடியாதபடி கொட்டில்களில் அடைத்து வைக்கப்பட்ட கூலிகள். நூறு பேருக்கு மேல் செத்ததாகச் சொல்கிறார்கள். செத்தவர்களைச் சுரங்கச் சுவருக்குள்ளேயே புதைத்தார்கள் எண்ட கதையை ஊரார் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 1970இல் சுவரைத் திருத்தும்போது உள்ளே இருந்து மனித எலும்புகள் வந்தன. கனேஹனாவில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

ஒரே நாள், ஒரே பாதை. ஒரு நிலையம் உலகம் முழுக்கப் போனது, மற்றது போகவில்லை. மாணவியின் கதையில் ரயில்வே நல்லவராகவும் நாங்கள் இளகிய மனசுக்காரராகவும் தெரிகிறோம். கனேஹனாவின் கதையில் அப்படி ஒரு வசதி இல்லை.

அந்த இனிப்பு இன்னொன்றையும் மறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனம், தன்னுடைய பாதைகளில் ஏறக்குறைய பாதியை, அதாவது 1,237 கிலோமீற்றரை, தனியாக நடத்த முடியாது எண்டு அறிவித்தது. ஒரு பிள்ளைக்காக நிலையத்தைத் திறந்து வைத்திருந்ததாக உலகம் பாராட்டிய நிறுவனம்தான் அது. அந்தப் பாதைகளின் ஓரத்திலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய பதிவு ஒன்றும் எங்கட முகநூலுக்கு வரவில்லை.

இப்போது கமிகவாவில் ஏறினால் அடுத்த நிலையம் சிராத்தாகி. இடையில் 37.3 கிலோமீற்றர், ரயில் எங்கேயும் பயணிகளுக்காக நிற்காது.