விருங்கா கொரில்லாவும் நுவரெலியா மந்தியும்

ருவாண்டாவில் விருங்கா மலைத்தொடரிலுள்ள வொல்கேனோஸ் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒருவருக்கு 1,500 அமெரிக்க டொலர். 750 டொலராக இருந்ததை 2017இல் ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டால் நாலரை இலட்சம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கும் பெண் 334 நாள் மலைக்குப் போனால்தான் அந்தத் தொகை சேரும். அதைக் கொடுத்தால் கிடைப்பது கொரில்லாக் கூட்டத்தோடு ஒரு மணி நேரம். அதற்கும் உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நுவரெலியாவுக்கும் ஆட்கள் வருகிறார்கள். விடியுமுன்பே வான்களில் கிளம்பி, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்குப் போய், உலக முடிவில் பனிமூட்டம் மூடுவதற்குள் படமெடுத்துக்கொண்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியைச் சுற்றித் திரும்புகிறார்கள். அந்தப் பாதையோரக் காட்டில் ஊதாமுக மந்தி இருக்கிறது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம்; இலங்கையிலும் இந்த உயர்மலைக் கிளை வேறெங்கும் இல்லை. குளிருக்கேற்ற நீண்ட சடை மயிரைப் பார்த்து ஆங்கிலேயர் இதைக் கரடிக் குரங்கு என்றார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே வருபவர் மிகக் குறைவு.

இரண்டு மலைகளின் கதையும் ஓரளவு ஒன்றுதான். விருங்காவில் 1960களின் இறுதியில் பூச்சிக்கொல்லிக்கான பைரெத்ரம் பயிரிடப் பூங்காவின் கணிசமான பகுதியை வெட்டிக் கொடுத்தார்கள். இங்கே முதலில் கோப்பி, 1869இல் இலைநோய் வந்து அது விழுந்தபின் தேயிலை. காடு வெட்டவும் கன்று நடவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்ன ஆலோசனைதான் ஹோட்டன் சமவெளியையும் சிவனொளிபாதமலைக் காட்டையும் மிச்சம் வைத்தது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இடம்பிடிப்பதில் நாம் பின்தங்கவில்லை.

பின்தங்கியிருப்பது வேறொன்றில். விருங்காவில் கொரில்லா பார்க்கும் காரியம் எப்படி நடக்கிறதென்று கவனியுங்கள். தடம் பார்ப்பவர்கள் அதிகாலையிலேயே காட்டுக்குள் போய், முந்திய இரவு கொரில்லாக்கள் இலை தழைகளை மடக்கிக் கட்டிய படுக்கையைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கிருந்து தடம் பிடித்துக் கூட்டம் நிற்கும் இடத்தை வானொலியில் வழிகாட்டிக்குச் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பார்வையாளர் மட்டுமே. 15 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை. மனிதரின் சளியும் இருமலும் கொரில்லாவுக்கு எமன் என்பதால் முகக்கவசம் போட்டு, எட்டவே நிற்க வேண்டும். பை தூக்குபவர், தடம் பார்ப்பவர், காவலர் என்று பலரும் பக்கத்துக் கிராமத்தவர். பூங்கா வருமானத்தில் 10 வீதம் சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. இன்னுமொரு 5 வீதம் விலங்குகளால் பயிரிழந்தவருக்கான நிதிக்கு. 1980களின் தொடக்கத்தில் விருங்கா மலைகளில் 250 அளவுக்குக் குறைந்திருந்த கொரில்லாக்கள் 2016 கணக்கெடுப்பில் 604. கொரில்லா உயிரோடு இருந்தால் தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று காட்டோரத்துக் குடியானவன் கண்ணால் கண்டதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் லயத்தில் குரங்கு என்றால் நினைவுக்கு வருவது நட்டம் மட்டுமே. லயத்துக்குப் பின்னாலிருக்கும் மரக்கறிப் பாத்தியில் செங்குரங்குக் கூட்டம் இறங்கினால் ஒரு காலைப் பொழுதில் எல்லாம் போய்விடும். அதற்கு யாரும் ஐந்து சதம் தருவதில்லை. நாட்டின் பேச்சும் அப்படியே இருக்கிறது: 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று அரசு யோசித்தது, 2025 மார்ச்சில் பயிரழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் நின்று எண்ணினார்கள். செங்குரங்கும் இந்தத் தீவுக்கே உரியது, அழியும் ஆபத்திலுள்ள இனம் என்பது அந்தப் பேச்சில் அடிபட்டுப் போனது. மந்தியின் பாடு இன்னும் மோசம். பெரும்பாலும் இலை தின்று மரத்திலேயே வாழும் அதையும் செங்குரங்கையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

இன்னும் நெருங்கிய ஒப்பீடு ருவாண்டாவின் தென்மேற்கில், நியுங்வே காட்டோரத்து கிசகுரா தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே தேயிலை மலைகளுக்கு நடுவே தப்பிக் கிடக்கும் ஒரு சிறு காட்டுத் துண்டில் கொலபஸ் குரங்குக் கூட்டமொன்று வாழ்கிறது. கொலபஸ் நம் மந்திக்குப் பங்காளி முறை: இரண்டும் இலை தின்னிகள், இரண்டுக்கும் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் அறை அறையான வயிறு. அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பூங்கா வழிகாட்டிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போகிறார்கள். தேயிலைக்கு நடுவே குரங்கு பார்ப்பது அங்கே ஒரு தொழில். அதே தேயிலை, அதே குளிர், அதே வகைக் குரங்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உண்டு. விடியற்காலையில் ஆண் மந்தி அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் சத்தம் எந்தச் சரிவிலிருந்து வருகிறதென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். சவுக்கு மரத்தில் ஒன்றும் அசையாததுபோல் இருக்கும். கீழே தொங்கும் வால்தான் காட்டிக்கொடுக்கும். இந்த அறிவுக்கு இங்கே விலையில்லை.

விருங்காவை அப்படியே இங்கே பெயர்த்து நடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உகண்டாவில் புவிண்டியும் மகாஹிங்காவும் 1991இல் தேசியப் பூங்காக்களானபோது, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த பத்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லா பிழைத்தது, அவர்கள் காணியில்லாதவர்களானார்கள். 1948இல் குடியுரிமை பறிபோய், இன்றும் குடியிருக்கும் இடம் சொந்தமில்லாமல் வாழும் நாம் கதையின் அந்தப் பாதியை மறக்கக்கூடாது. இதே மலைக்காட்டிலுள்ள தேவாங்கைக் காட்டும் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஹோட்டன் சமவெளித் தேவாங்கு 1937இல் அறியப்பட்டு, பின்பு அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு, 2010இல்தான் அதன் முதல் படம் உலகுக்குத் தெரியவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்த இராப்பிராணியைச் சுற்றி டோர்ச் அடித்துக் கூட்டம் கூட்டுவது அநியாயம். அதை ஆய்வாளருக்கு விட்டுவிடலாம்.

மந்தியைப் பார்க்கும் பயணங்களைத் தொடங்கலாம்; அதற்குக் கம்பிச் சுருக்கும் ஒரு காரணம். மறிமானுக்கு வைத்த சுருக்கில் விருங்காவின் கொரில்லாக் குட்டிகள் சிக்கிச் சாகின்றன. அங்கே ஆள் வைத்துத் தினமும் சுருக்கு எடுக்கிறார்கள். 2012இல் இரண்டு இளம் கொரில்லாக்களே சுருக்கைக் கழற்றியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இங்கே பன்றிக்கு வைத்த சுருக்கில் 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை சிக்கி, சில நாளில் செத்தது. சுருக்கு வைப்பவரையும் வைக்கும் இடத்தையும் அறிந்தவர்கள் தோட்டத்து மக்களே. காட்டில் அவர்களுக்கு ஒரு பங்கு இருந்தால் சுருக்கை அவர்களே எடுப்பார்கள்.

வனஜீவராசிகள் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் செய்யவேண்டியது இதுதான்: பட்டிப்பொல, ஒஹிய, அக்கரப்பத்தனை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டி அனுமதிப்பத்திரம் வழங்குங்கள். குழுவுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், தீனி போடத் தடை என்று விதி வையுங்கள். வரும் காசில் ஒரு பங்கு லயத்து மரக்கறிப் பாத்திக்கு வேலியாகத் திரும்பட்டும். அடுத்த முறை ஹக்கல பக்கம் போகும் வாசகர்களும் குரங்குக்குப் பிஸ்கட் எறியாமல், தோட்டத்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு, கூலி கொடுத்து, மந்தி எங்கே என்று கேளுங்கள்.