முதல் பந்து போட்ட மொறப்பாக்கத்துக்காரர்

ரஞ்சிக் கோப்பை சாதனைகள் என்று பேச்சு எடுத்தாலே பம்பாய், பரோடா என்று வடக்கே போய்விடுகிறோம். அந்தக் கணக்கு தொடங்கியது சேப்பாக்கத்தில். தொடங்கி வைத்தவர் திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். ஸ்கோர் அட்டைகளில் எம்.ஜே.கோபாலன் என்று இருப்பார். எம் என்பது மொறப்பாக்கம். ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தால், இந்திய கிரிக்கெட் வரலாற்றில் நம் பக்கத்துக் கிராமம் ஒன்றும் ஏறிக்கொண்டது.

ரஞ்சி தொடங்கிய 1934க்கு முன்பு இந்தியாவில் நல்ல கிரிக்கெட் இல்லாமல் இல்லை. பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் என்று மதமும் இனமும் பார்த்து அணி கட்டி மோதினார்கள். சென்னையில் பொங்கலுக்குப் பொங்கல் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஆடுவார்கள். ஊரே திரண்டு வரும். கூட்டம் இருந்தது, ஆட்டமும் இருந்தது. ஆனால் சென்னையில் ஒருவர் அடித்த சதத்தையும் பம்பாயில் இன்னொருவர் அடித்த சதத்தையும் எந்தத் தராசில் வைப்பது? எல்லா மாகாணங்களும் ஒரே விதிப்படி, ஒரே கோப்பைக்காக, வருஷா வருஷம் ஆடினால்தான் ‘ஒரு சீசனில் அதிக ரன்’ என்ற பேச்சுக்கே பொருள் உண்டு.

அந்த ஏற்பாடு பிறந்தது சிம்லாவில். 1934 ஜூலையில் கிரிக்கெட் வாரியம் அங்கே கூடியபோது, செயலாளர் அந்தோணி டி மெல்லோ ஒரு கோப்பையின் வரைபடத்தைக் காட்டினார். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் எழுந்து, 500 பவுண்டு மதிப்பில் தங்கக் கோப்பையாகவே செய்து தருகிறேன், முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரை வையுங்கள் என்றார். விஜயநகரம் மகராஜ்குமாருக்கு இது பிடிக்குமா? வைஸ்ராய் வில்லிங்டன் பெயரில் வேறொரு கோப்பையோடு அவர் வந்தார். ராஜாக்களின் இந்த இழுபறியில் கடைசியில் நிலைத்தது ரஞ்சியின் பெயர்தான்.

1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும். கோபாலன் ஓடி வந்து போட, எதிரே நின்றவர் கர்ட்டிஸ். ரஞ்சியின் முதல் பந்து அது. பிறகு நடந்ததை இன்றைய ரசிகர் நம்பமாட்டார். மைசூர் 48க்குச் சுருண்டது. மதராஸ் 130. மீண்டும் ஆடிய மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்னில் மதராஸுக்கு வெற்றி. இத்தனையும் ஒரே நாளில். மதராஸின் இடக்கைச் சுழலர் ஏ.ஜி.ராம் சிங், 19 ரன்னுக்கு 6, 16 ரன்னுக்கு 5 என்று 11 விக்கெட்டுகளை அள்ளினார். போட்டி பிறந்த அன்றே ஒரு சாதனையும் பிறந்துவிட்டது. அந்த சீசனிலேயே முதல் சதமும் வந்தது. அடித்தவர் ஹைதராபாத்தின் எஸ்.எம்.ஹாதி, ஆட்டமிழக்காமல் 132. அடி வாங்கியது மதராஸ் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து எடுத்தது 237 ரன். 14 ஆண்டு கழித்து, 1948-49இல் புனாவில் பம்பாயும் மகாராஷ்டிரமும் மோதிய அரையிறுதியில் மொத்தம் 2,376 ரன். ஏறக்குறைய பத்து மடங்கு! முதல்தர கிரிக்கெட்டில் அதை எந்த ஆட்டமும் இன்னும் தாண்டவில்லை. அதில் பம்பாய் எடுத்த 651, 714 எல்லாம் பேட்ஸ்மேனுக்கு விரித்த பாய் என்பது என் எண்ணம். எனக்குப் பிடித்தது 48தான்.

ஒரே ரஞ்சி சீசனில் ஆயிரம் ரன்னை முதலில் தொட்டவர் பம்பாயின் ரூசி மோடி: 1944-45இல் 1,008. அதைத் தாண்ட நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. தாண்டியவர் நம் டபிள்யூ.வி.ராமன்; 1988-89இல் 1,018. அதே சீசனில் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 குவித்தது. ராமன் 313, மறுமுனையில் ஆட்டமிழக்காமல் 302 எடுத்தவர் அர்ஜன் கிருபால் சிங். முதல் நாளில் 11 விக்கெட் எடுத்த அதே ராம் சிங்கின் பேரன்! தாத்தா எதிரணியை 48க்குச் சுருட்டினார். பேரன் தனியாக 302 அடித்தார்.

இனி கோபாலன் கதை. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935இல் தியான் சந்தின் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்களில் 584 கோல். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்துக்குப் போன கோபாலனை ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை. 1952-53இல் மதராஸுக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். கொழும்பில் ஒரு காலத்தில் கோபாலன் டிராபியைத் தெரியாத கிரிக்கெட்காரர் இருந்திருக்க முடியாது.

ரஞ்சியில் 1,000 ரன், 100 விக்கெட் என்ற இரட்டைக் கணக்கை முதலில் முடித்தவரும் ராம் சிங்தான். ரஞ்சி சாதனைப் பட்டியலைத் தொடங்கி வைத்த இருவருக்கும் தேர்வாளர்கள் தந்தது இவ்வளவு: கோபாலனுக்கு 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரே ஒரு டெஸ்ட், ராம் சிங்குக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட இல்லை.