வீசமும் தாஹிலும்

முக்காலுக்கு முக்கால் எவ்வளவு என்று கேட்டால் தாத்தா விரல் மடக்க மாட்டார், யோசிக்கவும் மாட்டார். "அரையே வீசம்" என்பார். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் குடியிருந்துகொண்டு, பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர் அவர். படிப்பு, கடல் தாண்டுமுன் சொந்த ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி.

அந்தப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் வாயால் நடந்தது. மணலில் விரலால் எழுத்து, பிறகு எண்சுவடி என்ற வாய்ப்பாடு. சட்டாம்பிள்ளை, அதாவது மூத்த மாணவன், ஒரு வரி சொல்ல, பையன்கள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வார்கள். எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். தடுக்கினால் பிரம்படி, அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கடகடவென்று ஒப்பித்ததை அறிவில்லாத உருப்போடல் என்று தள்ளுவது அநியாயம்.

1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். தேறிய பையனே மற்றவனுக்குப் பாடம் சொல்லவும் ஏற்பாடு செய்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. எனக்கு அதில் நம் சட்டாம்பிள்ளையின் முகம்தான் தெரிகிறது.

தாத்தா பிழைக்க வந்த பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816இல் ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கினார். தமிழ் வகுப்பும் அங்கேதான் ஆரம்பம்; அந்தக் கணக்கில்தான் 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டுகளைக் கொண்டாடினோம்.

ஆனால் எண்சுவடியின் அருமை தெரிந்தது கடைத்தெருவில். இங்கே அப்போது நிறுவை கட்டி, தாஹில். நூறு கட்டி ஒரு பிக்குல். பதினாறு தாஹில் ஒரு கட்டி. அதாவது ஒரு தாஹில் என்பது கட்டியில் சரியாக ஒரு வீசம்! ஊரில் பொடியனாக ஒப்பித்த வாய்ப்பாடு, கடல் தாண்டி வந்த கணக்கப்பிள்ளைக்கு அப்படியே கைகொடுத்தது. கட்டி நாற்பத்தெட்டுக் காசு விற்கும் சீரகத்தில் ஐந்து தாஹில் வேண்டுமா? கால் கட்டிக்குப் பன்னிரண்டு, வீசத்துக்கு மூன்று, ஆகப் பதினைந்து காசு. சீரகத்தைத் தாளில் மடித்து முடிப்பதற்குள் தாத்தா தொகையைச் சொல்லிவிடுவாராம். சீனத்து வாடிக்கையாளருக்கு மலாயில்.

கிலோ வந்ததும் வீசத்துக்கு வேலை போயிற்று. எண்சுவடி அச்சிலும் ஓலையிலும் கிடைக்கிறது. அதைச் சொன்ன ராகம் அச்சில் இல்லை. எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் குரல் ஏறும் என்பதெல்லாம் சொன்னவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் அரைகுறையாகவாவது சொல்லத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் பரவாயில்லை, திருத்தாமல் பதியுங்கள்.