ஜோஹோ பள்ளிகள்

ஜோஹோ பள்ளிகள் என்பவை ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் பயிற்சிக் கூடங்கள் ஆகும். திறமைக்குக் கல்லூரிப் பட்டம் அளவுகோல் அன்று என்னும் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் கொள்கையே இவற்றின் அடிப்படை. இவர் சென்னை ஐஐடியில் பட்டமும் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர்.

1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2009 இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் தலைமையகம், தாம்பரம் இரும்புலியூர் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரிக்கு அருகில் அமைந்துள்ளது.

முதற்பள்ளி 2005 இல் 6 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது பட்டயப் படிப்பு முடித்தோர் கட்டணமின்றி, உதவித்தொகையுடன் பயின்று, பின்னர் நிறுவனத்திலேயே பணியில் சேர்கின்றனர். பயன் தரப் பல்லாண்டுகள் ஆகும் இத்தகைய முயற்சி, வெளியார் முதலீடு பெறாத நிறுவனத்திற்கே எளிது. 2025 சனவரியில் வேம்பு முதன்மைச் செயல் அலுவலர் பதவியிலிருந்து விலகித் தலைமை அறிவியலாளர் ஆனார்.